குளிரைச் சேமிக்கும் ரயில்பாதை

பெய்ஜிங் மேற்கு நிலையத்தில் இரவு கிளம்பும் லாசா ரயில் சுமார் 3,750 கிலோமீட்டர் ஓடி, ஏறக்குறைய 40 மணி நேரத்தில் திபெத்தைச் சேர்கிறது. தூரத்தை வைத்துப் பார்த்தால் மலைப்பதற்கு ஒன்றுமில்லை. கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் இதைவிட அதிக தூரம் போகிறது. மாஸ்கோவில் ஏறி விளாதிவஸ்தோக்கில் இறங்குபவர் 9,288 கிலோமீட்டர் போயிருப்பார்.

லாசா ரயிலின் சங்கதி வேறு. லான்ஜோவைத் தாண்டும்வரை அது சீனாவின் மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடுகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஷீனிங்கில் பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயிலுக்கு மாறுகிறார்கள். உயரத்துக்கென்றே செய்த பெட்டிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அடுத்த பெரிய நிலையம் கோல்முட். பழைய பாதை 1984இல் அந்த ஊரோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் குன்லுன் மலைத்தொடர், அதையும் தாண்டினால் திபெத் பீடபூமி. பாதையை அங்கே கொண்டுபோகும் துணிவும் பணமும் நுட்பமும் சேர்ந்துவர மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 2001இல் வேலை தொடங்கியது. 2006 ஜூலை 1 அன்று முதல் பயணிகள் ரயில் ஓடியது.

கோல்முட்டிலிருந்து லாசாவரை 1,142 கிலோமீட்டர். அதில் 960 கிலோமீட்டர் 4,000 மீட்டருக்கு மேலே கிடக்கிறது. தாங்குலா கணவாயில் தண்டவாளம் 5,072 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அதுவரை உலகிலேயே உயரமான பாதை என்ற பெயரை வைத்திருந்தது பெருவின் ஆண்டிஸ் ரயில். லாசா ரயில் அதைவிட 200 மீட்டருக்கு மேல் உயரம் ஏறிவிட்டது.

செய்தித்தாள்களுக்குப் பிடித்தது இந்த உயரக் கணக்குதான். பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்ததோ, தண்டவாளத்துக்குக் கீழே இருந்தது. இந்தப் பாதையில் சுமார் 550 கிலோமீட்டர் உறைந்த மண்ணின்மேல் போடப்பட்டிருக்கிறது. அந்த மண் உருகினால் பாதை போச்சு. ரயிலைப் பனியிலிருந்து காப்பாற்றுவது பழைய வித்தை. இங்கே பனியை ரயிலிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஸ்ரீநகருக்கு நேர்கிழக்கே ஓர் உறைநிலம்

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இருக்கும் நிலத்தை உறைநிலம் என்கிறார்கள். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் அது இருப்பதில் வியப்பில்லை. அவை துருவத்துக்குப் பக்கம். தாங்குலா கணவாயோ 33 டிகிரி வடக்கில், கிட்டத்தட்ட ஸ்ரீநகரின் அட்சரேகையில் இருக்கிறது. அங்கே உறைநிலம் இருக்கக் காரணம் உயரம் மட்டுமே. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. 5,000 மீட்டருக்குப் போனால் 30 டிகிரிக்கு மேல் கழிந்துவிடும்.

துருவத்தின் குளிருக்கும் உயரத்தின் குளிருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திபெத்தில் வெயில் கடுமை. தெற்கே இருப்பதால் சூரியன் உச்சிக்கு அருகே வருகிறது. மெல்லிய காற்று அதன் கதிர்களை அதிகம் தடுப்பதில்லை. ஆகவே இங்கேயுள்ள உறைநிலம் சைபீரிய நிலத்தைப் போல ஆழ்ந்த குளிரில் கிடப்பதில்லை. ரயில்பாதை கடக்கும் உறைநிலத்தில் ஏறக்குறைய பாதி, மைனஸ் 1 டிகிரிக்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. இன்னொரு டிகிரி ஏறினால் உருகிவிடும்.

உருகும்வரை அது கல்போல இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மைனஸ் அரை டிகிரியில்கூட மண்துகள்களைச் சுற்றி உறையாத நீர் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எடை ஏறினால் துகள்கள் அந்தப் படலத்தில் வழுக்கி நகரும். மைனஸ் 3 டிகிரியில் உறுதியாக நிற்கும் அதே மண், மைனஸ் அரையில் மெல்ல மெல்ல நெளிந்துகொடுக்கும். இரண்டும் உறைந்த மண்தான், ஆனால் தாங்கும் சக்தி வேறு.

உறையும்போது ஒரு தொல்லை, உருகும்போது ஒரு தொல்லை

உறைநிலத்தின் மேற்பரப்பில் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்கு மண் கோடையில் உருகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். இதுதான் பாதைக்கு எமன்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் விரிகிறது, ஆகவே நிலம் உயர்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது போதாது. களத்தில் நிலம் உயர்வது அந்த 9 சதவீதத்தால் விளக்க முடியாத அளவுக்கு இருக்கிறது. அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1930 வாக்கில் இதைச் சோதித்தார். தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை ஊற்றி மண்ணை உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும் திரவம். அப்போதும் மண் மேலே எழும்பியது! விரிவு அல்ல, உறிஞ்சல்தான் இங்கே வேலை செய்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. உறையும் அடுக்கு, கீழேயுள்ள ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுத்துக்கொள்கிறது. வந்த நீரெல்லாம் தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாகிறது. ஒவ்வொரு தட்டும் மேலுள்ள மண்ணைத் தூக்கிவிடுகிறது. வண்டல் கலந்த நுண்மண்ணில் இந்த உறிஞ்சல் மிக அதிகம். கரடுமுரடான சரளையில் குறைவு.

கோடையில் கதை திரும்புகிறது. தட்டுகள் உருகிச் சேறாகின்றன. தூக்கி நின்ற மண் இறங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்கினாலாவது பரவாயில்லை. ஒரு மீட்டரில் பனி அதிகம், அடுத்த மீட்டரில் குறைவு என்றிருப்பதால் பாதை அலையலையாகிவிடும். சாலை என்றால் வண்டி குலுங்கிக்கொண்டே போய்விடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலுக்கு ஓர் அங்குல வேறுபாடும் ஆபத்து. உறைநிலப் பகுதியில் வேக வரம்பை 100 கிலோமீட்டர் என்று வைத்ததற்கும் மற்ற இடங்களில் 120 என்று வைத்ததற்கும் காரணம் இந்த மண்தான்.

மூடி வைப்பதா, குளிர வைப்பதா

ரயில்பாதைக்குப் பக்கத்திலேயே 1954இல் திறந்த சிங்ஹாய்–திபெத் நெடுஞ்சாலை ஓடுகிறது. பின்னாளில் அதற்குத் தார் போட்டார்கள். கறுத்த பரப்பு வெயிலை வாங்கிக் கீழே அனுப்பியது. ஈரம் ஆவியாகி வெளியேறும் வழியையும் தார் அடைத்துவிட்டது. கீழே உறைநிலம் உருக, சாலை பல இடங்களில் அமுங்கிப் பிளந்தது. ரயில் கட்டப் போனவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியிருக்கவில்லை.

பாடம் படிக்க இன்னோர் இடமும் இருந்தது. ஃபெங்ஹுவோ மலையில் 1961 முதலே ஓர் ஆய்வு நிலையம் மண்ணின் வெப்பத்தைக் குறித்துவந்தது. ரயில் வருமா வராதா என்றே தெரியாத காலத்தில், பிராணவாயு பாதியாகிப் போன உயரத்தில், ஆண்டுக்கணக்கில் தெர்மாமீட்டர் பார்த்த மனிதர்களின் குறிப்புகள் பின்னால் வடிவமைப்புக்கு அடிப்படையாயின.

பனியைக் காக்க முதலில் தோன்றும் வழி, போர்த்தி வைப்பது. தண்டவாள மேட்டை உயரமாக எழுப்பு, அல்லது நடுவில் வெப்பம் கடத்தாத பலகையைப் போடு. கோடை வெப்பம் கீழே இறங்காது. ஆழ்ந்த குளிருள்ள இடங்களில் இது பலிக்கும். ஆனால் போர்வைக்குக் கோடை, குளிர்காலம் என்ற பேதம் தெரியாது. கோடையில் வெப்பத்தைத் தடுப்பதுபோலவே குளிர்காலத்தில் குளிரையும் தடுக்கும். மைனஸ் அரை டிகிரியில் தவித்துக்கொண்டிருக்கும் மண்ணுக்குப் போர்வை கெடுதலைத் தள்ளிப் போடுமே தவிரத் தடுக்காது.

உறைநில அறிவியலாளர் செங் குவோடோங் முன்வைத்த யோசனை இதற்கு நேர்மாறானது. காத்தால் போதாது, மண்ணை முன்பைவிடக் குளிர வைக்க வேண்டும் என்றார் அவர். பீடபூமியில் குளிர்காலம் நீண்டது. காற்று மைனஸ் 20, 30 டிகிரிக்குப் போகும். அந்தக் குளிரை மண்ணுக்குள் இறக்கு. கோடை வெப்பம் வரும்போது கதவைச் சாத்து. மின்சாரமும் மோட்டாரும் இல்லாமல், ஆள் நடமாட்டம் குறைந்த அந்த வெளியில், ஆண்டுதோறும் தானாகவே இது நடக்கவேண்டும்.

கல்லுக்கிடையே காற்று

முதல் உத்தியைப் பார்த்தால் சிரிப்பு வரும், வெறும் கல். தண்டவாளத்துக்கு நேர் கீழே போடும் ஜல்லி அல்ல. அதற்கும் கீழே, மேட்டின் அடிப்பகுதியில், ஒரு மீட்டருக்கு மேல் தடிமனாக, கையகலத்துக்கு மேற்பட்ட உடைகற்களை அடுக்குகிறார்கள். பொடியும் மண்ணும் நடுவே கலக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். கற்களுக்கிடையே காற்று நகர இடம் வேண்டும். சின்னக் கல்லாக இருந்தால் சந்து குறுகிக் காற்று சிக்கிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் கல்லடுக்கின் மேற்புறம் குளிர்ந்துவிடும். அடிப்புறத்தில் மண் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பு என்றால் மைனஸ் 1. மேலே மைனஸ் 20 என்னும்போது அது வெதுவெதுப்புதான். குளிர்ந்த காற்று கனமானது; கீழே இறங்கும். கீழுள்ள லேசான காற்று மேலேறும். கல்லுக்கிடையே ஒரு சுழற்சி தொடங்கி, மண்ணின் வெப்பத்தை வாரி வாரி வெளியே கொட்டும். கோடையில் மேற்புறம் சூடு, அடிப்புறம் குளிர். கனமான குளிர்காற்று ஏற்கெனவே கீழே இருக்கிறது, லேசான சூடான காற்று மேலே இருக்கிறது. நகர எதற்கும் காரணமில்லை. சுழற்சி நின்றுவிடும். அசையாத காற்று நல்ல தடுப்பான். குளிர்காலத்தில் விசிறியாக வேலை செய்த அதே கற்குவியல் கோடையில் கம்பளியாகிவிடுகிறது.

மேட்டின் பக்கச் சரிவுகளிலும் இதே கற்களைப் போர்த்துகிறார்கள். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வெயில் விழும் சரிவுக்கும் நிழல் விழும் சரிவுக்கும் வெப்பம் பல டிகிரி வேறுபடும். ஒரு பக்கம் உருக, மறுபக்கம் உறைந்தே இருக்க, மேடு நீளவாக்கில் விரிசல் விடும். ஆகவே வெயில் பக்கத்தில் கல் அதிகம், நிழல் பக்கத்தில் குறைவு. ஒரே பாதையின் இரு கரைகளிலும் கல்லின் கனம் சமமாக இல்லாததற்குக் காரணம் சூரியன். சில இடங்களில் சரிவுக்கு மேல் நிழல் பலகைகளையும் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

கல்லுக்கு எதிரி மணல். பீடபூமியில் காற்று மணலை வாரிக்கொண்டுவந்து சந்துகளை அடைக்கும். அடைபட்ட கல்லடுக்கு வெறும் மண்மேடுதான்.

அம்மோனியாவின் சுற்றுப்பயணம்

ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டாவது உத்தி எளிதில் கண்ணில் படும். பாதையின் இருபுறமும், சில மீட்டருக்கு ஒன்றாக, இடுப்புக்கு மேல் உயரத்தில் இரும்புக் குழாய்கள் வரிசை கட்டி நிற்கும். வேலி போடக் கம்பம் நட்டுவிட்டுக் கம்பி கட்ட மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். வெளியே தெரிவது சுமார் இரண்டு மீட்டர். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மண்ணுக்குள் இருக்கிறது. மேல்பாகத்தைச் சுற்றி உலோகத் தகடுகள். வெப்பத்தைக் காற்றில் விட அவை.

குழாயின் இரு முனைகளும் அடைக்கப்பட்டவை. உள்ளே காற்றை நீக்கிவிட்டுக் கொஞ்சம் அம்மோனியாவை நிரப்பியிருக்கிறார்கள். அடியில் திரவம், மேலே அதன் ஆவி. அம்மோனியாவுக்கு ஒரு குணம்: இந்த வெப்பநிலைகளில் சின்ன வேறுபாடு கிடைத்தாலும் கொதித்துவிடும். குளிர்காலத்தில் குழாயின் தலை மைனஸ் 20இல் இருக்கிறது, கால் மைனஸ் 1இல் இருக்கிறது. தலையில் ஆவி குளிர்ந்து திரவமாகி, சுவரோடு வழிந்து இறங்கும். ஆவி குறைந்ததால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்ததும் அடியிலுள்ள திரவம் கொதிக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ அம்மோனியா ஆவியாகச் சுமார் 1,260 கிலோஜூல் வேண்டும்; அவ்வளவும் மண் கொடுக்கிறது. ஆவி மேலேறித் தகடுகள் வழியே அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு, மறுபடி வழிந்து இறங்கும். குளிர் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது.

கோடை வந்ததும் தலை சூடாகிறது, கால் குளிர்ந்திருக்கிறது. ஆவி மேலே தேங்கும். அடியில் திரவம் அசையாமல் கிடக்கும். சூடான ஆவி தானாகக் கீழே வராது. ஆகவே வெப்பம் மேலே போகும், கீழே வராது. வால்வு இல்லை, பம்பு இல்லை, தேய்ந்துபோக எதுவுமில்லை.

இந்தக் குழாய் திபெத்தில் பிறந்ததல்ல. அலாஸ்காவில் 1977இல் முடிந்த எண்ணெய்க்குழாய் வழித்தடத்தில், அதைத் தாங்கும் தூண்களுக்குள் 1,20,000க்கும் மேற்பட்ட வெப்பக் குழாய்களைப் பொருத்தினார்கள். எண்ணெயின் சூடு தூண் வழியே இறங்கி நிலத்தை உருக்கிவிடக் கூடாதே என்ற பயம். தத்துவம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மண்ணைத் தொடாமலே போவது

பனிக்கட்டி மிக அதிகமாகவும் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மிக அருகிலும் இருக்கும் இடங்களில் கல்லையும் குழாயையும் நம்பவில்லை. பாலம் கட்டிவிட்டார்கள். கீழே ஆறில்லை, வெறும் தரைக்கு மேல் பாலம். சிங்ஷுயி ஆற்றுப் பகுதியிலுள்ள பாலத்தின் நீளம் 11.7 கிலோமீட்டர். அதன் தூண்கள் ஆழத்திலுள்ள, பருவம் மாறினாலும் அசையாத உறைநிலத்தில் வேரூன்றி நிற்கின்றன. பாலத்தின் நிழல் தரையில் விழுவதும் லாபம்.

தூண் போடுவதிலும் ஒரு சிக்கல். கான்கிரீட் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். சிமெண்டும் தண்ணீரும் சேரும் வேதிவினையின் குணம் அது. தூணை ஊற்றியதும் சுற்றியுள்ள உறைநிலம் உருகும். குளிரில் இறுகக்கூடிய, குறைவாகச் சூடாகும் கலவைகளைத் தயாரிக்க வேண்டியிருந்தது. அப்படியும் உருகிய மண் மறுபடி உறைந்து தூணைக் கவ்விப் பிடிக்கும்வரை முழு எடையை ஏற்றாமல் காத்திருக்கவேண்டும். 4,905 மீட்டர் உயரத்தில் குடைந்த ஃபெங்ஹுவோ மலைச் சுரங்கத்திலும் இதே தலைவலி. உள்ளே வேலை செய்யும் மனிதருக்குப் பிராணவாயு கொடுக்க வேண்டும். சுவரிலுள்ள பனி உருகாமலும் இருக்கவேண்டும்.

பாலங்கள் இன்னொரு வழிப்போக்கருக்கும் உதவின. திபெத்திய மான்கள், சிரு என்பார்கள், கோடை தொடங்கும்போது குட்டி ஈனக் கூட்டம் கூட்டமாக ஹோ சில் வெளியைக் கடந்து போகும். இந்த மானின் ரோமத்தில்தான் காஷ்மீரில் ஷாதூஷ் சால்வை நெய்துவந்தார்கள். அதற்காகவே கள்ளவேட்டையில் அழிந்துகொண்டிருந்த இனம். பாதையில் விலங்குகள் கடக்க 33 வழிகள் விட்டிருக்கிறார்கள். பாலத்துக்கடியில் மான் போவதைப் படம் பிடிக்காத சீனப் பத்திரிகை இருக்காது. மானுக்கு விட்ட வழி அளவுக்கு, இந்த ரயிலோடு வந்த குடியேற்றமும் ராணுவ வசதியும் தங்கள் வாழ்வை என்ன செய்யும் என்று திபெத்தியர்கள் எழுப்பிய கேள்விக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் இருப்பவர்

தண்டவாளத்துக்கடியில் வெப்பம் பிரச்சினை என்றால், தண்டவாளத்துக்கு மேலே காற்று பிரச்சினை. தாங்குலாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் அளவு பாதியாகிறது. கோல்முட்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பலூன்போல் உப்பி, சில சமயம் பட்டென்று வெடிக்கும். தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி அரிசியைப் போட்டால் வேகாது, குக்கர் வேண்டும். சீன ரயில்களில் ஆளுக்கொரு கப் நூடுல்ஸில் வெந்நீர் பிடித்து மூடி வைப்பது வழக்கம். இங்கே கூடுதல் நேரம் மூடி வைக்கவேண்டும்.

விமானம் இதைவிட இரு மடங்கு உயரத்தில் பறக்கிறதே, அதுபோல் பெட்டிக்குள் அழுத்தம் ஏற்றினால் என்ன? விமானம் உருளை வடிவம், சின்ன ஜன்னல், வழியில் கதவு திறக்காது. ரயிலுக்கு அகலமான ஜன்னல், பல கதவுகள். 4,500 மீட்டர் உயரத்திலுள்ள நாக்சு நிலையத்தில் கதவைத் திறந்து ஆட்களை ஏற்றி இறக்கவேண்டும். ஏற்றிய அழுத்தம் ஒரு நொடியில் போய்விடும்.

ஆகவே அழுத்தத்தை விட்டுவிட்டுக் காற்றின் கலவையை மாற்றினார்கள். கருவி வெளிக்காற்றிலிருந்து நைட்ரஜனில் ஒரு பகுதியைப் பிரித்து நீக்கி, பிராணவாயு மிகுந்த காற்றைப் பெட்டிக்குள் விடுகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் உயரமும் மூச்சும் பற்றி ஆராய்ந்த உடலியலாளர் ஜான் வெஸ்ட் ஒரு கணக்குச் சொல்கிறார்: 4,000–5,000 மீட்டர் உயரத்தில் பிராணவாயுவை ஒரு சதவீதம் கூட்டினால், உடல் சுமார் 300 மீட்டர் கீழே இறங்கியதாக உணர்கிறது. மூன்று நான்கு சதவீதம் கூட்டினால் தாங்குலாவில் இருப்பவர் 4,000 மீட்டர் பக்கத்தில் இருப்பதுபோல மூச்சு விடுவார். அதற்குமேல் கூட்டிக்கொண்டே போனால் தீ பயம். கோல்முட்டுக்கு மேல் சிகரெட்டுக்கு ரயிலில் தடை இருப்பதற்கு இதுவும் காரணம். இது போதாதவர்களுக்குப் படுக்கைத் தலைமாட்டிலேயே ஒரு துவாரம் உண்டு. பணியாளரிடம் மூக்குக்குழாய் வாங்கிச் செருகிக்கொண்டால் நேரே பிராணவாயு வரும்.

ரயிலில் போனால் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவுக்கே உண்மை. உடல் பழக நாட்கள் வேண்டும். கோல்முட்டிலிருந்து தாங்குலாவுக்கு ரயில் சில மணி நேரத்தில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் யோசித்துத்தான் போகவேண்டும். பயணிகளிடம் உடல்நலப் படிவம் வாங்குவதும் அதற்காகத்தான். பாதை கட்டிய தொழிலாளர்களுக்கு வழிநெடுக மருத்துவ நிலையங்கள், பிராணவாயு அறைகள் அமைக்கவேண்டியிருந்தது. உயர மருத்துவ வல்லுநர் வூ தியான்யி அந்த ஏற்பாடுகளுக்கு வழிகாட்டினார்.

பீடபூமியில் பிறந்த திபெத்தியர்களுக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம். அவர்களில் பெரும்பாலோரிடம் ஈபிஏஎஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருப்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள். அந்த வடிவம், என்றோ அழிந்துபோன டெனிசோவா மனித இனத்தோடு கலந்ததால் வந்தது என்று 2014இல் தெரிந்தது. சமவெளிக்காரர் மேலே போனால் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் குழம்பாகும். திபெத்தியர்களுக்கு அப்படி ஆவதில்லை.

எஞ்சினும் மூச்சுத் திணறும். டீசல் எரியக் காற்று வேண்டுமே. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ பொருத்தி, அமெரிக்காவில் செய்த என்ஜே2 எஞ்சின்களை ஒன்றுக்கு மேல் இணைத்து இழுக்க வைத்தார்கள். மின்சாரத்துக்கு மாற்றும் வேலையை 2022இல் தொடங்கினார்கள். அதிலும் உயரம் குறுக்கே வருகிறது: மெல்லிய காற்றில் மின்பொறி எளிதில் பாயும் என்பதால், உயர் அழுத்தக் கம்பிக்கும் அருகிலுள்ள இரும்புக்கும் இடையே சமவெளியைவிடக் கூடுதல் இடைவெளி விடவேண்டும்.

குளிர்காலம் சுருங்கினால்

கல்லடுக்கு, அம்மோனியாக் குழாய் இரண்டும் வேலை செய்வதை அளவீடுகள் காட்டியிருக்கின்றன. பல இடங்களில் மேட்டுக்குக் கீழே உறைநிலம் மேலே ஏறியிருக்கிறது. அதாவது பாதை வந்த பிறகு மண் குளிர்ந்திருக்கிறது. மண் மிகவும் வெதுவெதுப்பான பகுதிகளிலும், பாலமும் மண்மேடும் சந்திக்கும் முனைகளிலும் அமுங்கல் இருக்கிறது. அங்கெல்லாம் பின்னால் கூடுதலாகக் குழாய் நடுவதும் கல் போடுவதும் பராமரிப்பு வேலையில் சேர்ந்துவிட்டது.

இந்த உத்திகள் எல்லாவற்றுக்கும் ஒரே மூலதனம் குளிர்காலம். காற்று மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும் நாட்களில்தான் கல் சுழற்சி தொடங்கும், குழாய் கொதிக்கும். திபெத் பீடபூமியோ உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது; குளிர்காலத்திலும் அந்தச் சூடு ஏறுகிறது. பனிக்கட்டி ஒரு பொறுமைசாலி. ஒரு கிலோ பனியை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோஜூல் போதும். உருக்க 334 கிலோஜூல் வேண்டும். ஆகவே பூஜ்ஜியத்தை நெருங்கிய உறைநிலம் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், தெர்மாமீட்டரில் மாற்றமே தெரியாது. வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். உள்ளே பனி கரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் செயற்கைக்கோள் ரேடார் கொண்டு தரை மில்லிமீட்டர் கணக்கில் இறங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இது நமக்கும் தொலைவான சங்கதி அல்ல. இமாச்சலத்தின் பிலாஸ்பூரிலிருந்து மணாலி வழியாக லேவுக்கு ஒரு ரயில்பாதைக்கான அளவாய்வை இந்திய ரயில்வே செய்திருக்கிறது. கட்டினால் உலகின் மிக உயரமான பாதைகளில் ஒன்றாகும். லடாக்கின் உயரங்களிலும் உறைநிலம் உண்டு, அதுவும் அதிகக் குளிரில்லாத வகை. எங்கே சுரங்கம், எங்கே பாலம் என்ற கேள்விகளோடு, அந்த மண்ணின் வெப்பம் இப்போது எவ்வளவு என்ற கேள்வியும் அங்கே முதலிலேயே எழவேண்டும். ஃபெங்ஹுவோ மலையில் அளக்கத் தொடங்கியதற்கும் ரயில் ஓடியதற்கும் இடையே 45 ஆண்டுகள் இருந்தன. லடாக்கில் அவ்வளவு காலம் கிடைக்காது. ஆழ்துளை போட்டுத் தெர்மாமீட்டர் இறக்கும் வேலையை, பாதைக்கு அடிக்கல் நாட்டும் நாளுக்காகக் காத்திருக்காமல் தொடங்கிவிடலாம். செலவும் அதற்குக் குறைவுதான்.